நாசருக்காக அழப் போனவர்

இயேசு மரி சூசை துணை
வால்தம்ஸ்டோ, இலண்டன்
10.09.2006

அன்புள்ள மேரிறோஸ் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம். படியேறும்போது மட்டும் முழங்கால் தன் வயதைச் சொல்கிறது. நீங்களும் மகன் கிளின்ரனும் சுகமாக இருக்கிறீர்களா? போனில் உங்கள் குரலைக் கேட்டு ஒரு மாதமாகிறது. மன்னார் லைன் கிடைத்தாலும் நடுவில் யாரோ இருந்து மூச்சு விடுவது போல ஒரு சத்தம். அதனால் பழையபடி கடிதமே எழுதுவோம் என்று நினைத்தேன்.

ஏஜென்சியில் எனக்குப் புதிதாக ஒருவரைப் பராமரிக்கத் தந்திருக்கிறார்கள். ஹிக்மத் என்று பெயர். எகிப்து நாட்டவர், எழுபத்தாறு வயது, இதயம் பலவீனம். கவுன்சில் பிளாட்டில் ஒன்பதாம் மாடியில் தனியே இருக்கிறார். ஜன்னலால் பார்த்தால் லீ ஆறும் அதற்கப்பால் பெரிய நீர்த்தேக்கங்களும் தெரியும். முதல் நாள் நான் போனபோது வெளியே பனிப்புகார் மூடி, ஆற்றில் போகிற நீளப் படகுகளின் கூரைகள் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

"சிஸ்டர், தண்ணி தெரியேல்லை, கப்பல் மட்டும் போகுது, பாத்தீங்களோ?" என்றார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். எனக்கு அது நம் பேச்சாகவே மனதில் நிற்பதால் அப்படியே எழுதுகிறேன்.

அவர் பிறந்து வளர்ந்தது சூயஸ் கால்வாய்க் கரையில். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அங்கே கால்வாய் கண்ணுக்குத் தெரியாதாம். பாலைவன மணலுக்குள் பெரிய கப்பல்கள் தாமாக நடந்து போகுமாம். சிறுவயதில் எல்லா ஊரிலும் கப்பல் மணலில்தான் போகும் என்று நம்பியிருந்தாராம்.

சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. அகன்ற தோள், பெரிய மூக்கு, வெள்ளைப் பல் தெரியும் சிரிப்பு. தகப்பனாரா என்று கேட்டேன். "எங்கட ஜனாதிபதி. ஜமால் அப்துல் நாசர்" என்றார். வெள்ளைக்காரக் கம்பனியிடமிருந்து கால்வாயைப் பறித்து நாட்டுக்குக் கொடுத்தவர். அந்த நாளில் இவரும் ஒரு வேலை செய்திருக்கிறார். அன்று பின்னேரம் நாசர் வானொலியில் பேசும்போது, கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெஸெப்ஸின் பெயரைச் சொல்வார். அந்தப் பெயர்தான் அடையாளம். அது காதில் விழுந்ததும் காத்திருந்தவர்கள் கம்பனி அலுவலகங்களுக்குள் நுழைய வேண்டும். இவர் ஒரு தேத்தண்ணிக் கடையில் வானொலிக்குப் பக்கத்தில் காத்திருந்தாராம்.

அதைச் சொல்லும்போது அவருடைய கை தானாக எழும்பி, இல்லாத வானொலியின் சத்தத்தைக் கூட்டியது, அக்கா.

கிளின்ரனுக்கு வேலை கிடைத்ததா? எழுதுங்கள். உங்களை அந்தோனியார் காக்கட்டும்.

அன்புத் தங்கை
கிளறிற்றா

மன்னார்
21.10.2006

அன்புத் தங்கச்சி கிளறிற்றாவுக்கு,

உன் கடிதம் ஐந்து கிழமை பயணம் செய்து வந்தது. உறையின் ஓரத்தை யாரோ திறந்து திரும்ப ஒட்டியிருந்தார்கள். நான் சுகம். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. நேர்சாக முப்பது வருசம் வேலை செய்தவள் சொல்கிறேன், கேள்.

இங்கே பின்னேரமானால் ஊரடங்கு. கழுதைகளுக்கு மட்டும் ஊரடங்கு இல்லை. சந்தி முழுக்க அவைதான். மழை இன்னும் வரவில்லை. கோயில் கூரை ஓடு மாற்றுகிறார்கள்.

கிளின்ரன் மடுப் பக்கம் வேலை கிடைத்துப் போயிருக்கிறான். சுகமாக இருப்பான்.

அந்த எகிப்துக்காரரின் கதை நன்றாக இருக்கிறது. ஒன்று கேட்டு எழுது. அந்தப் பெயரை வானொலியில் கேட்டு எழும்பிப் போனாரே, போகுமுன் தாயிடம் சொல்லிவிட்டுப் போனாரா?

உன் அக்கா
மேரிறோஸ்

வால்தம்ஸ்டோ
19.11.2006

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். இங்கே நாலு மணிக்கே இருண்டு விடுகிறது.

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். மிஸ்டர் ஹிக்மத் வெகு நேரம் சிரித்தார். "அம்மா மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டவ. மீனோட சாப்பிடப் பாண் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனன்" என்றார். திரும்பி வந்தது மூன்றாம் நாள். அதற்குள் கால்வாய் எகிப்துடையதாகிவிட்டது. தெருவெல்லாம் ஆட்டம் பாட்டு. வாசலில் நின்ற தாய் முதலில் கன்னத்தில் ஓர் அறை விட்டாவாம். பிறகு, "பாண் எங்க?" என்று கேட்டாவாம்.

சிரித்து முடிந்ததும் அப்படியே நித்திரையாகிவிட்டார். நித்திரையிலும் வாய் அசைந்தது. அவருக்கு விழிப்புக்கும் கனவுக்கும் நடுவில் சுவர் இல்லை. தேத்தண்ணீரை வைத்தால், "கரையில வை, கப்பல் அலை அடிக்கும்" என்கிறார்.

அவருக்கு நாதியா என்று ஒரு மகள் இருக்கிறா. ஹவுன்ஸ்லோவில் வீடு, ஹீத்ரோ விமான நிலையத்தில் வாசனைத் திரவியக் கடையில் வேலை. வருசக்கணக்காக வரவில்லை. ஏன் என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்.

கிளின்ரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை.

கர்த்தரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக.
கிளறிற்றா

மன்னார்
17.12.2006

தங்கச்சிக்கு,

சுகம். இந்தக் கிறிஸ்மசுக்குப் பலகாரம் சுடவில்லை. தனியாளுக்கு எதற்கு.

அந்தத் தாய் அறைந்தது சரி. நாட்டைப் பிடித்துக் கொடுத்த பிள்ளையை நாடு பிறகு எப்படி வைத்திருந்தது? அதைக் கேட்டு எழுது. கெதியாக எழுது, நாள் கடத்தாதே.

மேரிறோஸ்

வால்தம்ஸ்டோ
14.01.2007

அன்புள்ள அக்கா,

புதுவருச வாழ்த்துக்கள். இந்தக் கடிதத்தை மன்னாருக்கு வரும் ஒரு கன்னியாஸ்திரியின் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போகாதபடியால் மனம் திறந்து எழுதுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

முதலில் நீங்கள் கேட்டது. ஆண்டுக் கடைசியில் ஈராக்கின் பழைய ஆட்சியாளரைத் தூக்கிலிட்ட செய்தி டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. "நாசரின்ர பேரைச் சொல்லித்தான் அவனும் வளந்தவன். ரெண்டு பேரையும் சேத்துக் கதையாதையுங்கோ" என்று மிஸ்டர் ஹிக்மத் கோபமாகச் சொன்னார். நான் டிவியை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா, மறியல் கதவு சாத்துற சத்தம் எல்லா இடமும் ஒண்டுதான்."

நாசர் அவரைச் சிறையில் போட்டிருக்கிறார், அக்கா! கால்வாய் கிடைத்து மூன்று வருசம் ஆகவில்லை. இவர் கால்வாய்த் தொழிலாளருக்கு மாலைப் பள்ளி நடத்தியவர். கூட நின்றவர்களில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். ஒரு புதுவருசத்தன்று எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்ப் பாலைவனச் சிறையில் ஐந்து வருசம் வைத்திருந்தார்கள். மனைவி அப்போது கர்ப்பிணி. நாதியா பிறந்ததை அவர் பார்க்கவில்லை.

தாய் அவரைப் பார்க்க ரயிலிலும் லொறியிலுமாகப் போயிருக்கிறா. உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே ஒரு மண்மேட்டில் பொழுதுபடும்வரை இருந்துவிட்டுத் திரும்பிப் போனாவாம். அடுத்த நாள்தான் காவல்காரன் சொன்னான், "உன்ர அம்மா வந்தவ, அந்த மேட்டில இருந்தவ" என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் எழும்பி அந்த மேட்டைப் பார்ப்பாராம். "காலமை வெயில் படேக்கை அம்மா இன்னும் அதில இருக்கிற மாதிரித் தெரியும், சிஸ்டர். மற்றப் பொடியளுக்கும் காட்டினன். அவங்களுக்கும் தெரிஞ்சுது."

இனி நான் கேட்பது. இல்ஃபோர்டில் மீன்கடையில் யோகமலரைக் கண்டேன். அவளுடைய தம்பி உங்கள் தெருவில்தானே இருக்கிறான். கிளின்ரன் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டு, பிறகு வாயைப் பொத்தினாள்.

அக்கா, அது உண்மையா? மடுப் பக்க வேலை என்று எழுதினீர்களே. அந்தப் பக்கம் முழுவதும் அவர்களுடைய கையில் என்பது எனக்குத் தெரியாதா?

உங்களுக்காகச் செபமாலை சொல்கிறேன்.
கிளறிற்றா

மன்னார்
20.02.2007

தங்கச்சி,

ஓம்.

நான் பூசைக்குப் போயிருந்தபோது போய்விட்டான். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, தானாகப் போனான். இருபத்துமூன்று வயது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கேத்தில் இன்னும் சூடாக இருந்தது. எனக்குத் தேத்தண்ணீர் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தான். நாங்கள் சண்டைகூடப் பிடிக்கவில்லை.

இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. தெரிந்தால் சிலர் வந்து கையைப் பிடித்துப் புகழுவார்கள். சிலர் ஆமி முகாமில் போய்ச் சொல்லுவார்கள். இரண்டையும் என்னால் தாங்க ஏலாது. வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லிச் சொல்லி, சில நாட்களில் எனக்கே அது உண்மை போல இருக்கிறது.

அந்தத் தாய் இருந்த மண்மேடு என் கண்ணுக்குள் நிற்கிறது. கனவிலும் வருகிறது. வேலிக்கு உள்ளே யாரென்று முகம் தெரியவில்லை.

அக்கா

வால்தம்ஸ்டோ
25.03.2007

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைக் கோயிலில் இருந்து வாசித்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் பல தரம் கிழித்துப் போட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நாதியாவின் போன் நம்பர் பராமரிப்புக் கோப்பில் இருந்தது. பேசினேன். ஞாயிறு வரச்சொன்னா. விக்டோரியா லைனும் பிக்காடில்லி லைனும் மாறி ஹவுன்ஸ்லோ போய்ச் சேர்ந்தேன். விமானங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு போகும் வீடு. கதைக்கும்போது விமானம் வந்தால் நிறுத்திவிட்டு, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவா.

"அந்தப் படம் இன்னும் சுவரில தொங்குதோ?" இதுதான் முதல் கேள்வி.

"ஓம்" என்றேன்.

"அப்ப நான் வரமாட்டன்."

பிறகு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னா. அது நடந்தபோது நாதியாவுக்குப் பதினொரு வயது. யுத்தத்தால் கால்வாய்க் கரைச் சனங்களையெல்லாம் எழுப்பி வேறு ஊர்களில் இருத்தியிருந்தார்கள். இவர்கள் மன்சூராவில் ஓர் அறையில். தாய்க்குச் சிறுநீரகம் பழுது, படுத்த படுக்கை. அந்த நேரம் பார்த்து நாசர் இறந்துபோனார். தகப்பன் சவ ஊர்வலத்துக்காகக் கெய்ரோவுக்கு ரயில் கூரையில் ஏறிப் போய்விட்டார்.

"தன்னை மறியல்ல போட்ட மனிசனுக்கு அழப் போனவர். பக்கத்து வீட்டு மனிசியிட்ட எங்களைப் பாக்கச் சொல்லிப்போட்டுப் போனவர். அவவும் அழப் போயிட்டா. எங்கட ஊரிலயும் வெறும் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவை. ஒரு வீட்டிலயும் ஆளில்லை, அன்ரி. அம்மாவுக்கு மூச்சு எடுக்க ஏலாமப் போக, நான் தெருவுக்கு ஓடி வந்தன். தெரு முழுக்க ஆடுகள் மட்டும் நிண்டு என்னைப் பாத்துது. தூரத்தில கடல் இரையிற மாதிரி ஒரு சத்தம். சனம் அழுற சத்தம். நான் கத்தினது அதுக்குள்ள போயிட்டுது."

தகப்பன் திரும்பி வந்தபோது தாயை அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஒரு விமானம் போனது. அது போனபின் நாதியா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினா.

திங்கட்கிழமை மிஸ்டர் ஹிக்மத்திடம், "மகளிட்டப் போனனான்" என்றேன். "பக்கத்து வீட்டம்மா இருந்தவதானே" என்றார், ஏதோ நேற்று நடந்தது போல. "அவவும் ஊர்வலத்துக்குப் போயிட்டாவாம். தெருவில ஒருத்தரும் இருக்கேல்லையாம்" என்றேன்.

அவருக்கு அது தெரியாது, அக்கா. இத்தனை வருசமாகத் தெரியாது. தகப்பனும் மகளும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

சொன்னது பிழையோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

கிளறிற்றா

வால்தம்ஸ்டோ
13.05.2007

அன்புள்ள அக்கா,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன்.

மிஸ்டர் ஹிக்மத் போய்விட்டார். உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த கிழமை மூச்சடைத்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாதியாவுக்குப் போன் பண்ணினேன். "அங்க படம் ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். பின்னேரம் வந்தா. வேலை உடுப்போடேயே வந்து நின்றா. வார்ட் முழுக்க வாசனை.

அவர் கண்ணைத் திறந்து மகளை வெகு நேரம் பார்த்தார்.

"தெருவே போனது எனக்குத் தெரியாது, நாதியா."

"தெரிஞ்சிருந்தா?"

அவர் யோசித்தார். "தெரிஞ்சிருந்தா இருந்திருப்பன்" என்று சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். சாகப் போகிறவர் சொல்லலாம்தானே.

"தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பன்" என்றார். "என்ர கால் என்ர சொல்லைக் கேக்கேல்லை. வீட்டில இருந்திருக்க வேணும். ஆனாப் போயிருப்பன்."

நாதியா சிரித்தா. சிரித்தபடியே அழுதா. "இண்டைக்குத்தான் பப்பா ஒரு உண்மை சொன்னவர்" என்று என்னிடம் சொன்னா. அதற்குப் பிறகு நாதியா கட்டிலை விட்டு விலகவே இல்லை. தானே தண்ணீர் பருக்கினா, தாடி மழித்தா. கடைசி நாட்களில் அவருக்கு அது இலண்டன் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கப்பல் போகிறதென்றார். "கொடி என்ன நிறம்?" என்று நாதியா கேட்கிறா. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொல்லுகிறார். அடுத்தது வருகிறது. அதுவும் போகிறது. நானும் நின்று பார்த்தேன், அக்கா. எனக்குக் கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடக்கத்துக்குப் பிறகு பிளாட்டைக் காலி செய்தோம். நாதியா கதிரையில் ஏறி நாசரின் படத்தைக் கழற்றினா. "எறியவும் மனமில்லை, மாட்டவும் மனமில்லை" என்றா. ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டு போனா.

அக்கா, ஒரு வரி எழுதுங்கள். சுகம் என்ற ஒரு சொல் போதும்.

கிளறிற்றா

மடுவுக்கு அப்பால்
26.08.2007

அன்புத் தங்கச்சி கிளறிற்றாவுக்கு,

சுகம். கொழும்புக்குப் போகும் ஒரு பங்குச் சுவாமியின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் கிடைத்தன. வாசித்துவிட்டு அன்றைக்கே சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். எங்கே போகப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மடுமாதாவின் ஆவணித் திருநாளுக்குப் போய்வர ஆமிக்காரர் எங்களுக்குப் பாஸ் கொடுத்தார்கள். சனத்தோடு சனமாக வந்தேன். செபம் சொல்லிக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து வரும்போது, உடம்பு முன்னால் போகிறது, நான் பின்னால் மெல்ல வருகிறேன் போல இருந்தது. திருநாள் முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். நான் நின்றுவிட்டேன்.

சுவாமி சொல்லி அனுப்பி மூன்றாம் நாள் கிளின்ரன் வந்தான். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கிட்ட வராமல் நின்றான். கறுத்து மெலிந்து, கழுத்து நீண்டு போயிருந்தது.

"என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"உன்னைப் பாக்க."

வைத்திருந்த விளக்கங்களையெல்லாம் எங்கே இறக்குவதென்று தெரியாமல் பிள்ளை முழித்துக்கொண்டு நின்றான். சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டான். நான் ஈ விரட்டிக்கொண்டு இருந்தேன். எத்தனையோ சொல்ல இருந்தது. ஒன்றையும் எழுப்பிச் சொல்லவில்லை.

அவன் போனது சரி என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவனும் கேட்கவில்லை.

இங்கே சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. நேர்ஸ் பற்றாக்குறை. கேட்டேன், உடனே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைப்பேறு பார்க்கிறேன். பின்பக்கத்தில் ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஓலைக் கூரை, சாணி மெழுகிய நிலம், ஒரு கட்டில், இரவெல்லாம் நுளம்புக்கடி.

நேற்று கிளின்ரன் திரும்ப வந்தான். மேசையில் கிடந்த என் பாஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இது போன கிழமையோட முடிஞ்சு போச்சு. இனித் திரும்பிப் போக விடமாட்டாங்கள்."

"ஓம், தெரியும்" என்றேன்.

வெளியே போய்ச் சைக்கிள் செயினோடு வெகு நேரம் மினக்கெட்டான். பிறகு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"உங்களுக்கு நுளம்பு வலை இருக்கோ?"

மாதா உன்னையும் காக்கட்டும்.

உன் அக்கா
மேரிறோஸ்